வருகை சமீபம், பிள்ளையைப் படிக்க வைக்கலாமா?





மே மாதம் வந்துவிட்டால் நம் சபையின் ஜெபக்குறிப்புப் பெட்டியே மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் வியாதி, கடன், குடிக்கிற கணவன், வாடகை வீடு. மே மாதத்தில் பிளஸ் டூ மார்க், கட்-ஆஃப், கவுன்சலிங், காலேஜ் சீட். சீட்டை எடுத்து வாசித்தால், எந்தக் குடும்பம் எந்தக் காலேஜை நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு மாதத்தில் இரண்டு பேர் என்னிடத்தில் வந்தார்கள். ஒருவர் சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு சகோதரி. "பாஸ்டர், ஆண்டவருடைய வருகை சமீபம்னு வாராவாரம் சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இவனை இன்னும் மூணு நாலு வருஷம் படிக்க வைக்கணும்? ஜவுளிக் கடையில சேர்த்துவிட்டா மாசாமாசம் கையில ஏதாச்சும் வரும்ல?" என்று கேட்டார்கள். மற்றவர் ஒரு சகோதரர். "பாஸ்டர், கர்த்தர் என் பையனைத் தலையாக்குவேன்னு வாக்குக் கொடுத்திருக்கார். ஊர்ல இருக்கிற நாலு சென்ட் இடத்தை வித்தாவது மேனேஜ்மெண்ட் கோட்டாவுல இன்ஜினியரிங் சேர்த்துடப் போறேன். கைவைச்சு ஜெபம் பண்ணுங்க" என்றார்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒருவருக்குப் படிப்பு வேண்டாம், மற்றவருக்குப் படிப்பு வேண்டும். ஆனாலும் எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் பட்டது. இரண்டு பேருமே அந்தக் காகிதத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் அது வீண் என்றார். ஒருவர் அது மகிமை என்றார். அந்தப் பையன் என்ன செய்யக் கூடியவன், அவன் கற்றுக்கொள்வது நாளைக்கு யாருக்கு உதவும் என்று இரண்டு வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை. ஆகையால் இந்த மாதம் இதைக் குறித்துக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

முதலாவது வருகையைக் குறித்துப் பேசுவோம். ஆண்டவர் வருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை நம்பாதவன் இந்தப் பத்திரிகையில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் வருகிறார் என்பதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்வது வேறு. எரேமியா 28-ம் அதிகாரத்தையும் 29-ம் அதிகாரத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயிருக்கிறார்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லுகிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையும் எடுத்து உடைத்துப் போடுகிறான். எவ்வளவு பலத்த கூட்டம் அது! இன்றைக்கு நம்முடைய கூட்டத்தில் ஒருவர் அப்படிச் சொன்னால் எத்தனை பேர் கை தட்டுவோம்!

எரேமியாவோ சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது அந்தக் கடிதத்தின் சாரம். விடுதலை உண்டு, ஆனால் 70 வருஷம் ஆகும் என்கிறான். கவனித்தீர்களா? "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொன்னவன்தான் அங்கே கள்ளத் தீர்க்கதரிசி. தோட்டம் போடச் சொன்னவனே கர்த்தர் அனுப்பினவன்.

நம்முடைய பெந்தெகொஸ்தே சரித்திரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில் அசூசா தெருவிலிருந்த ஒரு பழைய கட்டடத்தில் எழுப்புதல் உண்டானபோது, அங்கே முழங்கால்படியிட்டவர்களில் அநேகர் தங்கள் ஜீவனுள்ள நாட்களிலேயே ஆண்டவரைச் சந்திப்போம் என்று எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பு பரிசுத்தமானது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு அவர்களில் ஒரு தகப்பன் தன் மகனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்திருந்தால், அதினால் அவனுடைய விசுவாசத்துக்கு ஒரு குறைவும் வந்திருக்காது.

அனனியா எருசலேமில் நுகத்தை உடைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் தானியேல் எங்கே இருந்தான்? பாபிலோனில், மூன்று வருஷப் படிப்பை முடித்துவிட்டு ராஜாவின் சமுகத்தில் வேலையில் இருந்தான். அவன் என்ன படித்தான் என்று நாம் சாதாரணமாக யோசிக்கிறதில்லை. கல்தேயருடைய எழுத்தும் பாஷையும் படித்தான். அது முழுக்க விக்கிரகங்களின் தேசத்துப் படிப்பு. ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்று சொன்னவன், ராஜாவின் பாடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கோடு போட்டான், பாடத்தில் போடவில்லை. எங்கே கோடு போட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நம்மில் சிலர் நேர்மாறாக, பிள்ளையின் புஸ்தகத்தில் கோடு போட்டுவிட்டு, கலியாண வீட்டுப் பந்தியில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். (இது இடையில் வந்த வார்த்தை. ஆனாலும் இருக்கட்டும்.)

இன்னும் ஒரு காரியம். தானியேல் இரண்டாம் அதிகாரத்தில் ராஜா கோபங்கொண்டு, பாபிலோனின் ஞானிகள் எல்லாரையும் கொன்றுபோடக் கட்டளையிடுகிறான். அப்போது தானியேல் தன் தலையை மாத்திரம் காப்பாற்றிக்கொள்ளவில்லை. மற்ற ஞானிகளையும் அழிக்க வேண்டாம் என்று சேவகரின் தலைவனிடத்தில் முதலாவது கேட்டுக்கொள்கிறான். அவர்கள் யார்? சாஸ்திரிகள், ஜோசியர்கள், சூனியக்காரர்கள்! தேவன் அந்த வாலிபனுக்குக் கொடுத்த அறிவினாலும் அவன் பெற்றிருந்த பதவியினாலும் தேவனை அறியாத அந்த மனுஷருடைய மனைவி பிள்ளைகள் அன்று ராத்திரி அழாமல் தூங்கினார்கள். படிப்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த இடத்தைத்தான் காட்டுகிறேன்.

"பேதுருவும் யோவானும் படிக்காதவர்கள்தானே பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். ஆம், அப்போஸ்தலர் 4-ல் அப்படித்தான் இருக்கிறது. அவர்கள் படிப்பறியாதவர்கள் என்று கண்டு ஆலோசனைச் சங்கத்தார் ஆச்சரியப்பட்டார்கள். பட்டம் இல்லாததினால் ஒருவனைத் தேவன் தள்ளுகிறதில்லை என்பதற்கு அது போதுமான சாட்சி. பட்டம் இல்லாத ஒரு விசுவாசியை நம் சபையில் யாராவது இளக்காரமாகப் பார்த்தால் அவருக்கு இந்த வசனமே பதில். ஆனால் பேதுரு ஆயத்தமில்லாத மனுஷனா? சிறு வயது முதல் வலை பின்னவும் படகு தள்ளவும் காற்றைப் பார்த்துக் கடலை அறியவும் கற்றவன். மீன் பிடிக்கத் தெரியாத ஒருவன் மீன்பிடி தொழிலை ஆண்டவருக்காக விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. விடுவதற்குக்கூட முதலில் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அதே தேவன்தான் கமாலியேலின் பாதத்தில் படித்த பவுலையும் தெரிந்துகொண்டார். அவருக்குக் கூடாரம் செய்கிற தொழிலும் தெரியும். கொரிந்துவில் அவர் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் தங்கி அந்த வேலையைச் செய்தார்.

படிப்பு ஆவிக்கு விரோதம் என்று பிரசங்கிக்கிற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கையிலிருக்கிற தமிழ் வேதாகமத்தைப் பாருங்கள். அது வானத்திலிருந்து தமிழில் விழவில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, சிறு பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. அவருக்குப் பிறகு பப்ரிசியுஸ், அவருக்குப் பிறகு 19-ம் நூற்றாண்டில் பவர் என்று தலைமுறை தலைமுறையாக எபிரெயுவும் கிரேக்கும் தமிழும் கற்றவர்கள் உட்கார்ந்து உழைத்ததினால்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து "அல்லேலூயா" சொல்லுகிறோம்.

வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரைக் குறித்து நீங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1890-ஐ ஒட்டிய நாட்களில், சுகவீனமாயிருந்த தாயாரைக் கவனிக்க அவர் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். மிஷனரியாகத் தங்க அவருக்கு விருப்பமே இல்லை. ஒரே ராத்திரியில் மூன்று மனுஷர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கிற என் மனைவியைக் காப்பாற்று என்று கேட்டார்கள். அவருடைய தகப்பனார் டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட அவர்களுடைய வழக்கம் இடங்கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கோ வைத்தியம் தெரியாது. விடியும்போது மூன்று பெண்களும் மரித்துப் போயிருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நம் கூட்டங்களில் "அழைப்பு" என்கிற தலைப்பில் சொல்லுவோம், பிறகு அர்ப்பணிப்புப் பாட்டுப் பாடுவோம். அதற்குப் பின் நடந்ததை அவ்வளவாகச் சொல்லுகிறதில்லை. அந்த அம்மையார் மறுநாளே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஊழியத்துக்குக் கிளம்பவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார். மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். உடற்கூறு படித்தார், பரீட்சை எழுதினார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1900-ல்தான் திரும்பி வந்தார். அந்த ராத்திரியின் அழைப்புக்கு அவர் கொடுத்த பதில் பல வருஷ ஹாஸ்டல் வாழ்க்கை. 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே தொடங்கினார். அந்த ராத்திரி வாசலில் நின்ற மூன்று கணவர்களுக்கும் தேவைப்பட்டது ஒரு பட்டக் காகிதமல்ல, பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணின் கை. அந்தக் கையை உண்டாக்க மெடிக்கல் காலேஜ் தேவைப்பட்டது. பட்டத்தின் மதிப்பு எனக்கு இவ்வளவுதான். இவ்வளவு என்பது கொஞ்சமும் அல்ல.

இனி இடத்தை விற்கப் போன சகோதரர் பக்கம் வருவோம். இங்கே நான் இன்னும் கடினமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம்மில் படிப்பு வேண்டாம் என்கிறவர்கள் இப்போது குறைவு. படிப்பையே விக்கிரகமாக்கினவர்கள்தான் அதிகம்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவரே லூக்கா 14-ல் சொன்னார். விசுவாசமுள்ளவன் கணக்குப் பார்க்க மாட்டான் என்று அவர் சொல்லவில்லை. நம் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் இன்ஜினியரிங் காலேஜ்களின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிப் போனது. பிறகு சேர ஆளில்லாமல் அநேகம் மூடப்பட்டன. பட்டம் வாங்கியவர்கள் எங்கே போனார்கள்? 2024-ல் குரூப் 4 பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடம் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்கிற அந்தப் பரீட்சைக்கு டிகிரி வாங்கியவர்களும் இன்ஜினியர்களும் வரிசையில் நிற்கிறார்கள். இதைப் பயமுறுத்த எழுதவில்லை. "டிகிரி இருந்தா வேலை தானா வரும்" என்று நம்பி நிலத்தை விற்கிற தகப்பன் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு விற்கட்டும்.

அந்தச் சகோதரரிடத்தில் நான் முதலில் கேட்டது, "உங்க குடும்பத்துல யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா அண்ணே?" என்று. இல்லை என்றார். அப்படியானால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையைக் குறித்து விசாரித்தீர்களா என்றேன். அவருக்குத் தெரியவில்லை. 2010-ல் தமிழக அரசு கொண்டுவந்தது அது. குடும்பத்தில் முதலாவது பட்டதாரியாகப் போகிற ஒரு பிள்ளைக்கு, கவுன்சலிங் மூலமாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக்கட்டணத்தில் சலுகை. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடையாது! கவுன்சலிங் வரைக்கும் பொறுக்காமல், "சீட் போயிடும்" என்று ஏஜெண்டு சொன்னதைக் கேட்டு முன்பணம் கட்டினவர், கையில் வந்த உதவியையும் தள்ளிவிட்டு இடத்தையும் விற்கிறார். இதற்குப் பெயர் விசுவாசமா?

கடன் வாங்குகிறவர்களும் அறிந்துகொள்ளுங்கள். 2015-ல் மத்திய அரசு கடன் உத்தரவாத நிதி ஏற்படுத்தியபின், கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுக்க வழியுண்டு. படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அந்த நாட்களிலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பிள்ளை 22 வயதில் வெளியே வரும்போது தலையின் மேல் எவ்வளவு இருக்கும் என்று முதல் நாளே அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காகிதத்தில் எழுதுங்கள். அவனுக்கு மறைத்து நீங்கள் சுமக்கிற பாரம், பிற்பாடு "உனக்காக எவ்வளவு பட்டேன்" என்கிற வார்த்தையாக வெளியே வரும். அது பிள்ளையின் இருதயத்தை உடைக்கும்.

பெசலெயேலை நினைத்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 31-ல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாகச் சொல்லப்பட்டவன் பிரசங்கியல்ல, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்கிற கைவினைக்காரன். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் டிப்ளமோ படிக்கலாம். நன்றாகப் படித்தால் அதன்பின் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷத்திலேயே சேரலாம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் படிக்கலாம். "என் மகன் ஐ.டி.ஐ." என்று சொல்ல நம் சகோதரருக்கு வெட்கம். ஏன் வெட்கம்? ஆராதனை நடுவில் கரண்ட் போனால் நாம் தேடுகிறது யாரை?

பெண் பிள்ளைகளைக் குறித்து ஒன்று. சில வீடுகளில் மகனுக்கு இடத்தை விற்கிறார்கள், மகளைப் பிளஸ் டூவோடு நிறுத்துகிறார்கள். வேறு சில வீடுகளில் மகளுக்கும் டிகிரி உண்டு, ஆனால் அது கலியாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் போடுவதற்கு. கொரிந்துவில் கூடாரம் தைத்த வீட்டில் பிரிஸ்கில்லாளும் இருந்தாள் என்பதை மறக்காதிருங்கள். கணவன் மரித்துப்போன பின் ஒரு தொழிலும் தெரியாமல், சொந்தக்காரர் வாசலில் நிற்கிற சகோதரிகள் நம் மத்தியிலேயே இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று 2022-ல் புதுமைப்பெண் திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் கேட்டு விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஆயத்தப்படுகிற வாலிபரே, இந்தப் பகுதி உங்களுக்கு. படிப்பை முடித்து இரண்டு வருஷம் வேலை கிடைக்கவில்லை. ஒரு கன்சல்டன்சிக்காரன் வருகிறான். மூன்று வருஷம் வேலை பார்த்ததாகப் போலி அனுபவச் சான்றிதழ் செய்து தருகிறேன், இவ்வளவு பணம் கொடு என்கிறான். நண்பர்கள் "எல்லாரும் இதைத்தான் பண்றாங்கடா" என்கிறார்கள். வேலை கிடைக்கிறது. அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்து "கர்த்தர் எனக்கு அற்புதமாக வேலை கொடுத்தார்" என்று சாட்சி சொல்லுகிறீர்கள். எந்தக் கர்த்தர் கொடுத்தார்? வாலிபனே, நீ பசியாயிருந்தது தேவனுக்குத் தெரியும். உன் தகப்பன் கடன் கட்டுகிறதும் தெரியும். ஆனால் அந்தச் சான்றிதழில் இருக்கிற பொய்க்கு அவருடைய கையெழுத்தைப் போடாதே. வேலை செய்யத் தெரியாத ஒருவன் தெரிந்தவன் என்று உட்கார்ந்தால், அவன் கையை நம்பி நிற்கிறவருக்குத்தான் சேதம். ஆறு மாதம் குறைந்த சம்பளத்தில் உண்மையாக ஒரு வேலையைக் கற்றுக்கொள். ஜெபத்தோடு செய். அதற்கு நாங்களும் உன்னோடு நிற்போம்.

தீர்க்கதரிசன வரம் உள்ளவர்களுக்கும் என் தாழ்மையான விண்ணப்பம். பதினேழு வயதுப் பிள்ளையின் தலைமேல் கைவைத்து "நீ டாக்டராவாய், கலெக்டராவாய்" என்று சொல்லுவதற்கு முன் நடுங்குங்கள். நீங்கள் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பிள்ளை அந்த வார்த்தையோடு வீட்டில் இருக்கும். மார்க் குறைந்தால் அது தகப்பனுக்கு மாத்திரமல்ல, தேவனுக்கே தோற்றுப்போனதாக நினைக்கும். நான் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைச் சந்தித்தேன். "கர்த்தர் சொன்னது எனக்கு நடக்கல பாஸ்டர், என்னில பாவம் இருக்குமோ?" என்று கேட்டது. அது கெமிஸ்ட்ரியில் மூன்று மார்க் குறைந்த பிள்ளை. பாவம் அல்ல அது, மூன்று மார்க்!

நம் சாட்சி நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். ரிசல்ட் வந்த ஞாயிறு, 500-க்கு மேல் எடுத்த பிள்ளைகள் முன்னால் வருகிறார்கள். சால்வை, கைத்தட்டல், வேதாகமம் பரிசு. நல்லது, அவர்கள் உழைத்தார்கள். அன்றைக்குப் பின்வரிசையில் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன் அடுத்த வாரம் வருகிறதில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தாய் மாத்திரம் வந்து, "அவனுக்கு உடம்பு சரியில்லை பாஸ்டர்" என்கிறார்கள். ரிசல்ட் வாரத்தில் தமிழ்நாட்டில் எத்தனை தகப்பன்மார் பத்திரிகையைத் திறக்கப் பயப்படுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நம் சபையின் ஒரு பிள்ளையும் அந்தச் செய்தியில் வரக் கூடாது. அதற்கு ஜெபம் மாத்திரம் போதாது, ரிசல்ட் அன்றைக்கு அந்த வீட்டு வாசற்படியில் ஒருவர் போய் நிற்க வேண்டும்.

ஆகையால் மூப்பர்களோடு கலந்து பேசி இப்படித் தீர்மானித்திருக்கிறோம். இந்த வருஷம் ரிசல்ட்டுக்குப் பின் வருகிற ஞாயிறு, பரீட்சை எழுதின எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக முன்னால் அழைத்து ஜெபிப்போம். மார்க் வாசிக்கப்படாது. தேறாதவர்களுக்குத் துணைத் தேர்வு உண்டு, அதற்குப் பணம் கட்டுகிற கடைசி நாள் ரிசல்ட்டுக்குப் பின் சில நாட்களிலேயே வந்துவிடும். கட்ட வசதியில்லாதவர்கள் அன்று சாயங்காலமே என்னிடத்திலாவது பொருளாளரிடத்திலாவது சொல்லுங்கள்; வாலிபர் கூட்டத்துக் காணிக்கையிலிருந்து கட்டுவோம். பள்ளிக்கூட ஆசிரியைகளாக இருக்கிற நம் சகோதரிகள் இரண்டு பேர் திங்கள் முதல் வியாழன் வரை மாலை 6 மணிக்குச் சபை மண்டபத்தில் கணக்கும் கெமிஸ்ட்ரியும் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சபைக்கு வராத பிள்ளைகளும் வரலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கவுன்சலிங் விண்ணப்பம், சான்றிதழ்கள், வங்கிக் கடிதம் எழுத உதவி வேண்டுகிறவர்கள் சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் காகிதங்களோடு காத்திருங்கள். இடத்தை விற்க நினைக்கிறவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாருங்கள்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் சகோதரன்